இனத்திற்கு ஓர் இயல்பு உண்டா?

(தருமபுரியில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற கூட்டம் முடியும் வேளையில் ஓர் இளைஞர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, செருமானியர் ஒழுங்கினர், சப்பானியர் கடும் உழைப்பினர், ஆங்கிலேயர் உணர்ச்சியை வெளிக்காட்டாதவர் என்றெல்லாம் நூல்களில் எழுதுகின்றனர். மாந்தரை அகமுகர், புறமுகர் என்று உளநூலார் வகுப்பதுபோல் நாடுகளையும் வகுத்து, இன்ன நாட்டுப் பண்பாடு இன்ன ஆளுமைக்கு ஒக்கும் என்கின்றனர். அங்ஙனமாயின் தமிழராகிய நாம் எவ்வகையினர்?" என்பது அவ்வினா. நேரம் கடந்துவிட்டது என்று சொல்லி அன்று அமர்ந்துவிட்டேன். நேரம் கடந்தது உண்மையே. ஆனால், என்னிடம் விடை இருக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு திங்களாக அவ்வினாவைச் சுமந்து திரிந்தபின் இன்று உங்கள்முன் நிற்கின்றேன்.

முதற்கண் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழன் பிறவியிலேயே மானமுள்ளவன், பிறவியிலேயே ஈகையாளன், மாற்றான் பிறவியிலேயே சூழ்ச்சியாளன் என்று பல்லாண்டுகள் மேடைதோறும் பேசிக் கைத்தட்டல் பெற்றவன் யான். தமிழர்க்கெனத் தனிக் குணம் உண்டு என்று நாமக்கல் கவிஞர் இராமலிங்கனார் பாடிய பாட்டை அறியாத தமிழ்ப்பிள்ளை இல்லை. அப்பாட்டு அடிமை நாளில் நம்மை நிமிர்த்தியது. பாட்டுக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால், பாட்டில் உள்ளதை ஆராய்ச்சி முடிவாக எடுத்துக்கொள்ளும்போது எங்குப் போய் முடிகிறோம் என்பதையே இன்று பார்க்க விழைகின்றேன்.

சுவிசு நாட்டு உளநூலறிஞர் கார்ல் யூங்கு 1921-இல் வெளியிட்ட நூலில், உள்ளம் உள்நோக்கிச் சாய்வதையும் வெளிநோக்கிச் சாய்வதையும் வைத்து மாந்தரை வகைப்படுத்தினார். அவர் எடுத்துக்கொண்டவை தனித்தனி உள்ளங்கள். ஆளுக்குத் தைத்த சட்டையை நாட்டுக்கு மாட்டும் வேலை பின்னர் நடந்தது. அமெரிக்க மாந்தவியலார் உரூத்து பெனடிக்டு அம்மையார், ஒரு பண்பாடு என்பது பேருருக் கொண்ட ஓர் ஆளுமை போன்றது என்னும் கருத்தை 1930-களில் விளக்கினார். போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்காகச் சப்பானியரை ஆய்ந்து 1946-இல் ஒரு நூலும் வெளியிட்டார். புகழ் பெற்ற நூல்தான். ஆயினும், அதனை எழுதுமுன் அவர் சப்பான் மண்ணில் கால் வைத்ததில்லை. போரையே உயிர்மூச்சாகக் கொண்டதென உலகம் கண்ட அந்நாடு, அந்நூல் வெளிவந்த அதே 1946-இல், போரைத் துறப்பதாக அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. இயல்பு என்று சொல்லப்பட்டது எங்கே போயிற்று?

வெளிநாட்டுக் கதை நிற்க. இவ்வளவைக்கு நாமே ஆட்பட்டிருக்கின்றோம். அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

எட்கார் தர்சுட்டன் என்னும் ஆங்கிலேயர் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்தார். அளவுகோல்களையும் இடுக்கிகளையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று, மண்டையின் நீளம், மூக்கின் அகலம், தோலின் நிறம் ஆகியவற்றை அளந்து குறித்தார். வயநாட்டில் பணியப் பெண்கள், தங்களுள் நல்ல உடற்கட்டு உடையவரைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னைக் காட்சிக்கூடத்தில் வைக்கவே இவர் வந்திருக்கிறார் என்று அஞ்சி ஓடினராம். இதனை அவரே எழுதியுள்ளார். நகைப்பதற்கன்று சொன்னேன், அப்பெண்கள் கருதியது முழுவதும் தவறும் அன்று. 1909-இல் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நம்மை அவர் வைத்த இடம் ஏறத்தாழக் கண்ணாடிப் பேழைதான். 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் தலைவராகிய இரிசிலியோ மூக்கு அகல அகலக் குல மதிப்புக் குறையும் என்று ஒரு நெறியே கண்டவர்!

அளவு எடுத்தவர் அளவோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு குணச்சான்று எழுதித் தந்தனர். இவர் சோம்பர், இவர் அடங்கி நடப்பவர், இவர் திருடர், இவர் போர்க்குடியினர் என்றனர். அச்சான்று தாளில் உறங்கவில்லை. சட்டமாயிற்று, படையாயிற்று, தோட்டக்காட்டு வேலையாயிற்று.

படையை முதலில் எடுத்துக்கொள்வோம். இராபர்ட்சு என்னும் தளபதி 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கினார். நெடுநாள் அமைதியால் தென்னாட்டு மறவுணர்வு மங்கிவிட்டது, வடமேற்கின் போர்க்குடிகளுக்கு இவர்கள் ஈடாகார் என்பது அவர் முடிவு. 1792-இல் இந்தப் பாரமகால் நிலத்தை ஆங்கிலேயர்க்கு ஈட்டித் தந்த போரில் முன்னின்றவர்களுள் சென்னைப் படையினரும் உண்டு என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும், அவரும் அவர் வழிவந்தோரும் தென்னாட்டு அணிகளைப் படிப்படியாகக் குறைத்தனர். 1920-களின் முடிவில் சென்னைக் காலாட்படை இல்லை என்றே சொல்லத்தக்க நிலை. பின்னர் என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப்போரில் ஆள் வேண்டியிருந்தது. 1941-இல் அதே சென்னைப் படையணியை மீண்டும் எழுப்பினர். அவர்கள் பர்மாப் போர்முனையில் நின்றனர். ஐம்பது ஆண்டில் ஓர் இனத்தின் குருதி மாறிவிட்டதா? மாறியது ஆட்சியாளரின் தேவை.

இனிச் சட்டம். 1871-இல் குற்றப் பழங்குடியினர் சட்டம் இயற்றப்பட்டு, 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. பிறந்த குடியே குற்றம் என்றாயிற்று. கைநாட்டுப் பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்னும் பெண் உள்ளிட்ட பலர் மாண்டனர்.

இங்கே தருமபுரியார்க்கென்றே ஒன்று சொல்வேன். நம் அகழ்வைப்பகத்தில் வைத்துள்ள நடுகற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர் நாளையே சென்று பாருங்கள். இந்த மாவட்டத்திலும் அடுத்துள்ள கிருட்டினகிரி, செங்கம் பகுதிகளிலும் கிடைத்த நடுகற்களில் 'தொறு' என்னும் சொல் அடிக்கடி வரும். ஆநிரை என்பது அதன் பொருள். தொறுவை மீட்டு மாண்டவனுக்கும் கல். தொறுவைக் கவரச் சென்று மாண்டவனுக்கும் கல். கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் பூச்சூட்டிப் போற்றிய புறத்திணை மரபு அது. இருவரையும் ஒப்பவே வழிபட்டனர் நம் முன்னோர். ஒரு காலத்தில் கல் நட்டு வணங்கிய அச்செயலையே மற்றொரு காலத்தின் சட்டம் பிறவிக் குற்றவாளியின் தொழில் என்றது. ஆநிரை கவர்ந்தவனுடைய கையும் வாளும் மாறவில்லை. அவனைப் பார்த்த கண் மாறிற்று.

அடங்கி நடப்பவர் என்று எழுதிய சான்று என்ன ஆயிற்று என்று பார்ப்போம். சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாகத் தமிழரை இலங்கைக்கும் மலையாவுக்கும் கொண்டுசென்றனர். அன்று தருமபுரி, சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி என்பது நினைவிருக்கட்டும். இது தனி மாவட்டமானது 1965-இல்தான். தோட்ட முதலாளிகள் மலாய்க்காரரைச் சோம்பர் என்றும் தமிழரை இயல்பிலேயே பணிவுள்ளவர் என்றும் எழுதினர். மலாய்க்காரர்க்கு நிலமும் மீனும் இருந்தன. அவர் தோட்டக் கூலிக்கு வர மறுத்தார், சோம்பரானார். தமிழர்க்கு இருந்ததோ கங்காணியிடம் பட்ட கடன், பணிந்தார், பணிவுள்ளவரானார். சையது உசேன் அலத்தாசு என்னும் மலேசிய அறிஞர் 1977-இல் வெளியிட்ட நூலில் இச்சோம்பல் கதையைத் தோலுரித்துக் காட்டினார். பணிவுக் கதையைத் தோலுரித்தவர்களோ நம்மவரே. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மதிப்பான நடத்தையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். படை வந்து சுட்டு, உயிர்கள் மாய்ந்தன. இரண்டே ஆண்டில், 1943-இல், பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் நேதாசியின் சான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தி நின்றனர். மறம் மங்கியவர் என்றும் பணிவே வடிவானவர் என்றும் எழுதப்பட்ட ஒரே மக்கள், அந்த ஒரு சில ஆண்டுகளுக்குள், இரண்டு சான்றையும் கிழித்துப் போட்டனர்.

இவையெல்லாம் வெள்ளையன் காலத்துக் கதை, இன்று யார் மூக்கை அளக்கின்றனர் என்று நீங்கள் எண்ணக் கூடும். இங்கிருந்து அரூர் வழியாகச் சித்தேரி மலையடிவாரம் செல்லுங்கள். வாச்சாத்தி என்னும் ஊர் இருக்கின்றது. அங்கு வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர். வெளியூரார் சிலர் இன்னும் கேரளத்தார் என்று மயங்குகின்றனர். மலையை ஆள்வோர் என்பது பொருள், பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து மலையேறி வந்தோம் என்பது அவர்தம் வழிவழிக் கதை.

1992 சூன் 20-ஆம் நாள் காட்டுத்துறையினர் 155 பேர், காவலர் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என 269 பேர் அவ்வூருக்குள் புகுந்தனர். தேடியது சந்தனக் கட்டை. இது சந்தனம் கடத்தும் ஊர் என்பது அவர்கள் கொண்டிருந்த முடிவு. ஒருவர் செய்தார் என்பதன்று. ஊரின் இயல்பே அது என்பது. ஊர்க்கு ஓர் இயல்பைச் சூட்டிவிட்டால் குழவி என்ன, கிழவி என்ன? வீடுகளை இடித்தனர்; கிணற்றைக் கெடுத்தனர்; ஆடு மாடு கோழிகளையும் விடவில்லை. பெண்களும் சிறார்களும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரைச் சிறைக்கு அனுப்பினர். பதினெட்டுப் பெண்களை வன்புணர்ச்சிக்கு ஆளாக்கினர். அங்ஙனம் ஒன்றும் நடக்கவில்லை என்று பலகாலம் மறுக்கவும் செய்தனர்.

வழக்கு நடுவண் புலனாய்வுத் துறையிடம் போவதற்கே 1995 ஆயிற்று. 2011 செப்டம்பர் 29-ஆம் நாள், இதே தருமபுரி நயன்மன்றத்தில், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பாயிற்று. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். எஞ்சிய 215 பேர்க்குத் தண்டனை. மேன்முறையீட்டில் உயர்நயன்மன்ற நடுவர் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே நேரில் வந்து பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தண்டனையை உறுதிசெய்தார். பெண்கள் ஒவ்வொருவர்க்கும் பத்து இலக்கம் உரூபா இழப்பீடு என்றார். உண்மையான கடத்தல்காரரையும் பெரும்புள்ளிகளையும் காப்பதற்காகவே ஏழை மக்கள்மேல் இக்கொடுமை நிகழ்த்தப்பட்டது என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிற்று. ஓர் ஊர்க்கு இயல்பு சூட்டுவதால் யார்க்கு ஊதியம் என்பது இதனால் விளங்கும். சந்தனத்தை விற்றவன் மறைந்துகொள்கிறான். சந்தன மரத்தடியில் பிறந்தவள் அகப்படுகிறாள்.

ஒன்றைக் கருதிப் பாருங்கள். ஊரை ஒரே ஆளாகக் கண்டு அழித்தவர்களை, அப்பெண்கள் ஒரே ஆளாகக் காணவில்லை. காவலர் குலமே இப்படி என்று சொல்லி அவர்கள் நிறுத்திக்கொண்டிருந்தால் வழக்கே இல்லை. தம்மைச் சீரழித்தவன் இவன், இவன் என்று முகம் பார்த்து அடையாளம் காட்டினர். அதனால்தான் பதினெழுவர்மீது வன்புணர்ச்சிக் குற்றம் நிலைநாட்டப்பட்டது. எழுதப் படிக்க அறியாத தாய்மார்கள் செய்த இப்பகுப்பை, கற்ற நாம் மேடையில் செய்வதில்லை.

இனி இக்கால ஆராய்ச்சி என்ன சொல்கின்றது என்பதையும் பார்த்துவிடுவோம். கீர்ட்டு ஆப்சுட்டெட்டு என்னும் ஆலந்து அறிஞர், ஐ.பி.எம். நிறுவன ஊழியரிடம் 1967 முதல் 1973 வரை பெற்ற நூறாயிரத்துக்கு மேற்பட்ட வினாத்தாள்களைக் கொண்டு நாடுகட்கு மதிப்பெண் இட்டு, 1980-இல் நூலாக்கினார். மேல்கீழ் ஏற்றத்தாழ்வை ஏற்றுக்கொள்ளும் அளவில் இந்தியாவுக்கு 77. தனியாள் உணர்வில் 48. இந்தியா முழுமைக்கும் ஓர் எண்! வங்காளி, பஞ்சாபி, நாகர், தமிழர் எல்லாரும் அந்த எழுபத்தேழுக்குள் அடங்கவேண்டும். ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் அலுவலகத்தில் அமர்ந்திருந்த சிலர் நம் எல்லார்க்குமாக விடை எழுதினர். சித்தேரி மலையில் தினை விதைப்பவளை யார் கேட்டார்? ஆயினும், அவ்வறிஞர்க்கு நயன்மை செய்யவேண்டும்: இவ்வெண்கள் நாடுகளை ஒப்பிடற்கு மட்டுமே, தனியாள்மேல் ஒட்டற்கல்ல என்று அவரே எச்சரித்தார். படித்தவர் எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொண்டனர்.

இதனினும் வலிய சான்று 2005-இல் வந்தது. மக்ரே, தெரச்சியானோ என்னும் உளநூலாரும் பன்னாட்டு அறிஞரும் சேர்ந்து 49 பண்பாடுகளில் ஏறத்தாழ நாலாயிரம் பேரிடம், "உம் நாட்டான் பொதுவாக எப்படிப்பட்டவன்?" என்று கேட்டனர். அவ்விடைகளை, அந்தந்த நாட்டில் ஆள் ஆளாக அளந்த உண்மை இயல்போடு ஒத்துப்பார்த்தனர். ஒத்துவரவில்லை. பிறரைப் பற்றிச் சொன்னது பொருந்தவில்லை என்றால் பகை என்று விட்டுவிடலாம். தம்மைப் பற்றித் தாமே சொன்னதும் பொருந்தவில்லை என்பதே அம்முடிவின் கூர்மை.

நம்மைப் பற்றி நாம் சொல்வது மட்டும் பொருந்துமா? தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்தான். தமிழர் ஈகைக்கு அதனையே சான்றாக யானும் காட்டிவந்தேன். அதே தருமபுரியில், 2012 நவம்பர் 7-ஆம் நாள் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டிக் குடியிருப்புகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தனர். எரித்தவர் தமிழர், எரிபட்டவர் தமிழர். ஒரு பெண்ணும் ஆணும் குலம் கடந்து மணந்தனர் என்பது கரணியம். ஈகை தமிழர் இயல்பு என்றால் எரித்தல் யார் இயல்பு? ஈகைக்கு இனத்தையும் எரிப்புக்கு நாலு கயவரையும் கணக்கு எழுதுவது என்ன கணக்கு? அதியமான் ஈந்தது அதியமான் செயல். பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக வைத்தவர் வள்ளுவர். பிறந்த கூட்டத்தை வைக்கவில்லை.

தமிழில் வகைப்படுத்தும் மரபு இல்லையோ எனின், உண்டு. உலகம் வியக்குமாறு உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று தொல்காப்பியர் வகுத்தார். எதனைக் கொண்டு? நிலத்தையும் பொழுதையும் கொண்டு. அவற்றை முதற்பொருள் என்றார். மலையில் கூதிர்க்கால நள்ளிரவில் உள்ளம் ஒருவாறு இயங்கும், கடற்கரையில் எற்பாட்டில் வேறுவாறு இயங்கும் என்பது அப்பகுப்பு. குருதியைக் கொண்டு அவர் பகுக்கவில்லை. திணை மயங்குவதையும் விலக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்தால் பாலையாகும் என்றார் இளங்கோவடிகள். மழை பொய்த்தால் நிலம் மாறும், நிலம் மாறினால் வாழ்வு மாறும், வாழ்வு மாறினால் ஒழுக்கம் மாறும். மழை பொய்க்கும் மாவட்டத்தில் வாழும் உங்கட்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் இன்றைய பேச்சுகள் பல உதிர்ந்துவிடும். வடவர்தாம் உழைப்பர், தமிழர் சோம்பர் என்று ஆலை முதலாளிகள் சொல்வது நம் காதில் விழுகின்றது. நமக்குச் சினம் வருகின்றது. ஆனால், இந்த மாவட்டத்திலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்திற்கும் கூலிக்குச் செல்லும் நம் பிள்ளைகளைப் பற்றி அங்குள்ள முதலாளி என்ன சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல உழைப்பாளி என்பார்! ஒரே அறையில் பத்துப் பேர் படுத்து, ஊர்த் திருவிழாவுக்கும் இழவுக்கும் போகவியலாமல், முன்பணத்திற்குக் கட்டுப்பட்டுப் பன்னிரண்டு மணிநேரம் நிற்பவன் எவனும் எந்த நாட்டிலும் உழைப்பாளிதான். பீகாரிலிருந்து இங்கு வந்தவன் நிலையும் அதுவே. அன்று கங்காணியின் கடனில் மலையா சென்ற நம் பாட்டன் நிலையும் அதுவே. ஆகலின், இந்தித் திணிப்பை எதிர்ப்போம்; அது 1937-இலும் 1965-இலும் ஆட்சியாளர் செய்த செயல். செயலை எதிர்க்கலாம், சட்டத்தை எதிர்க்கலாம், மாற்றவும் செய்யலாம். வடவன் இயல்பை எதிர்ப்பேன் என்று புறப்பட்டால் எதிர்ப்பதற்கு அகப்படுபவன் கல் சுமக்கும் ஏழை ஒருவன்தான்.

இளைஞரே, உம் முகத்தில் அடுத்த வினா தெரிகின்றது. தனி இயல்பு இல்லையென்றால் தமிழர் ஓர் இனம் என்பது எதனால்? மொழியால், அம்மொழி வழங்கும் நிலத்தால், அந்நிலத்தில் சேர்ந்து பட்ட வரலாற்றால். இம்மூன்றையும் காட்டலாம், தொடலாம், இழக்கவும் கூடும். இழக்கக் கூடியது என்பதனால்தான் இயக்கம் வேண்டியிருக்கின்றது. பிறவியிலேயே உடலில் ஊறியதாயின் அதனைக் காக்க நாம் ஏன் கூட்டம் போடவேண்டும்?

தமிழை உயர்நயன்மன்ற வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது, இன்னும் ஆகவில்லை. வாச்சாத்திப் பெண்கள் முப்பத்தோர் ஆண்டு போராடிப் பெற்ற 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எழுதப்பட்டது ஆங்கிலத்தில். தமிழ்ப் பெண்கள், தமிழ் மண்ணில், தமிழ்பேசும் அலுவலரால் பட்ட கொடுமைக்குத் தமிழ்நாட்டு நடுவர் வழங்கிய தீர்ப்பு அது. அதன் படியொன்று என் பையில் இருக்கின்றது. நல்ல தமிழில் பெயர்த்து, அச்சிட்டு, அவ்வூர்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். ஆங்கிலமும் சட்டமும் அறிந்தவர் மூவர், நன்றாக உரக்கப் படிக்க வல்லவர் ஒருவர் வேண்டும். வர விரும்புவோர் கூட்டம் முடிந்தபின் வாயிலருகே பெயர் எழுதித் தாருங்கள்.